பழைய விண்டோஸும் புதிய பொறியும்

பாட்டி காலத்துத் தையல் இயந்திரம் பல வீடுகளில் இன்றும் ஓடிக்கொண்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊசி முறிந்தால் புது ஊசி. வார் அறுந்தால் புது வார். அரை நூற்றாண்டுக்கு முந்திய இயந்திரத்தில், நேற்றுக் கடையில் வாங்கிய ஊசி தடையின்றிப் பொருந்துகிறது. ஆனால் இருபது ஆண்டுகட்கு முன் வாங்கிய கணிப்பொறியில் ஓர் உறுப்புப் பழுதானால், "எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்" என்கிறார் பழுதுபார்ப்பவர். இது வியாபாரத் தந்திரமா? அல்லது இதற்கு அறிவியல் காரணம் ஏதேனும் உண்டா?

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சென்ற ஆண்டு நேர்ந்த ஒரு நிகழ்ச்சி இந்தக் கேள்வியை என் முன் நிறுத்தியது. அங்கே நிறமாலை ஒளிமானி ஒன்று இருக்கிறது. ஒரு கரைசல் எந்தெந்த அலைநீளமுள்ள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்து சொல்லும் கருவி அது. அதை இயக்கும் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்.பி.யில் மட்டுமே ஓடும். ஒரு திங்கட்கிழமை காலை அதனோடு இணைந்த கணிப்பொறியை முடுக்கியபோது, வழக்கமான திரைக்குப் பதில் நீலத்திரையும், "7பி" என்று முடியும் ஒரு பிழை எண்ணும் தோன்றின. அதற்கு முன் ஒரு கணம் வந்துபோன தொடக்கத் திரையில் ஆண்டு 2011 என்று இருந்தது. அதை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை.

முதுகலை மாணவர்கள் ஆறு பேர் அடுத்த மாதத்திற்குள் தம் ஆய்வேட்டுக்கான அளவீடுகளை முடித்தாக வேண்டும். வந்து பார்த்தவரோ, "வன்தட்டு போய்விட்டது; புதுப் பொறிதான் வாங்க வேண்டும்" என்றார். புதுப் பொறியில் எக்ஸ்.பி. ஏறாது. எக்ஸ்.பி. இல்லையேல் ஒளிமானி இயங்காது. பல லட்சம் ரூபாய் பெறுமானமுள்ள கருவி, தன்னளவில் எந்தப் பழுதும் இல்லாமலேயே, பழைய இரும்புக்குப் போக வேண்டிய நிலை!

அந்த நீலத்திரைக்கு உண்மைக் காரணம் என்ன என்பதை இறுதியில் சொல்கிறேன். படித்துக்கொண்டு வரும்போதே உங்களில் சிலர் கண்டுபிடித்துவிடவும் கூடும்.

மென்பொருள் தேய்வதில்லை

இயந்திரத்தில் பற்சக்கரம் தேயும், அச்சு தேயும். மென்பொருள் என்பதோ 0, 1 என்னும் இரு குறிகளால் ஆன நீண்ட வரிசை. 2001 அக்டோபர் 25 அன்று வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யின் அந்த வரிசை பிழையின்றிப் படிக்கப்படுமானால், அன்று செய்த வேலையை அது இன்றும் அப்படியே செய்யும். மாறுவன இரண்டு. ஒன்று, அதைச் சுற்றியுள்ள வன்பொருள். மற்றொன்று, அந்த வரிசையைச் சுமந்து நிற்கும் தட்டு. இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய்வோம்.

விண்டோஸ் தன் உறுப்புகள் ஒவ்வொன்றோடும் பேசுவதற்கு "டிரைவர்" எனப்படும் இயக்கு நிரல் வேண்டும். வன்தட்டுக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, விசைப்பலகைக்கு ஒன்று என இவை பலவாகும். எக்ஸ்.பி. நிறுவல் தட்டில் 2001 வரை அறியப்பட்ட உறுப்புகளுக்கான நிரல்களே உண்டு. அந்தத் தட்டை ஓர் அகராதிக்கு ஒப்பிடலாம். 2001-இல் அச்சான அகராதியில், அதன் பின் பிறந்த சொற்களைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? சொல் தெரியாத மனிதர் குறிப்பால் ஊகித்துக்கொள்வார். கணிப்பொறிக்கு ஊகம் கிடையாது, நின்றுவிடும்.

ஏறி வந்த ஏணி

பொறியை முடுக்கியதும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையிலுள்ள ஒரு சில்லில் பதிந்திருக்கும் பயாஸ் என்னும் சிறு நிரல். அது வன்தட்டின் முதற்பகுதியைப் படித்து, விண்டோஸின் தொடக்க நிரலை நினைவகத்தில் ஏற்றிவிட்டு, பொறுப்பை ஒப்படைக்கிறது. இந்தக் கைமாற்றத்தில்தான் ஆபத்து இருக்கிறது. தொடக்கப் பகுதிகளைத் தட்டிலிருந்து எடுத்துத் தந்தது பயாஸ். விண்டோஸ் கண்விழித்ததும் பயாஸை விலக்கிவிட்டு, தன் சொந்த இயக்கு நிரலைக் கொண்டு வன்தட்டைத் தொட முயல்கிறது. அதற்குரிய நிரல் இல்லையேல், ஏறி வந்த ஏணியே காணாமற்போன கதைதான். "நான் வந்த தட்டையே என்னால் எட்ட முடியவில்லை" என்று விண்டோஸ் சொல்லும் முறைதான் அந்த 7பி பிழை.

எக்ஸ்.பி. பிறந்த காலத்தில் வன்தட்டுகள் ஐ.டி.இ. முறையில், அகன்ற பட்டைக் கம்பியால் இணைக்கப்பட்டன. பின்னர் மெல்லிய கம்பியுடைய சாட்டா இணைப்பு வந்தது. அதன் முழுத் திறனையும் பயன்படுத்த 2004-இல் ஏ.எச்.சி.ஐ. என்ற புது விதிமுறை வகுக்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் முன்பே அச்சான எக்ஸ்.பி. அகராதியில் இந்தச் சொல் இல்லை.

இதற்கு மூன்று பரிகாரங்கள் உண்டு. முதலாவது, பயாஸ் அமைப்புப் பகுதிக்குச் சென்று, வன்தட்டை ஐ.டி.இ. முறையில் நடக்கும்படி மாற்றுவது. வேகம் சற்றுக் குறையும், வேலை நடக்கும். இரண்டாவது, நிறுவல் தொடங்கும்போது எப்6 விசையை அழுத்திப் புது நிரலைக் கொடுப்பது. ஆனால் எக்ஸ்.பி. அதை நெகிழ்தட்டிலிருந்து மட்டுமே கேட்கும். இன்றைய பொறிகளில் நெகிழ்தட்டு டிரைவுக்கு எங்கே போவது? மூன்றாவது, நிறுவல் தட்டின் உள்ளடக்கத்தை வேறொரு பொறியில் படியெடுத்து, அதனுள் புதிய நிரலைச் சேர்த்து, வெற்று சி.டி. ஒன்றில் எழுதிக்கொள்வது. அகராதியில் விட்டுப்போன சொற்களை எழுதிச் சேர்த்து மறுபடி கட்டமைப்பதற்கு இது ஒப்பாகும்.

2009-இல் வெளிவந்த விண்டோஸ் 7-க்கும் இதே நோய் வேறோர் உறுப்பில் வந்தது. அதன் தட்டில் யு.எஸ்.பி. 3.0 முனைகளுக்கான நிரல் இல்லை. 2015-க்குப் பின் வந்த பல தாய்ப்பலகைகளில் பழைய யு.எஸ்.பி. கட்டுப்பாட்டுச் சில்லு நீக்கப்பட்டது. விளைவு? நிறுவல் திரை அழகாகத் தோன்றும். சுட்டியும் விசைப்பலகையும் அசையா. உருண்டை முனையுள்ள பழைய பி.எஸ்.2 விசைப்பலகையைச் செருகினால், அதே திரையில் வேலை நடக்கும்!

இன்னொரு மாற்றமும் உண்டு. பயாஸின் இடத்தை யு.இ.எப்.ஐ. என்னும் புது முறை பிடித்துக்கொண்டது. 32 பிட் எக்ஸ்.பி.க்கு அதன் வழியாகத் தொடங்கத் தெரியாது. பழைய பயாஸ் போலவே நடந்துகொள்ளும் வசதி பல பொறிகளில் இருந்தது. அண்மைக்காலப் பொறிகள் பலவற்றில் அதுவும் எடுக்கப்பட்டுவிட்டது. எனவே எக்ஸ்.பி.க்காகப் பொறி தேடுவோர், 2010-ஐ ஒட்டி வந்த நல்ல நிலையிலுள்ள பழைய பொறியைத் தேடுவதே அறிவுடைமை.

எண்கள் இடும் வேலி

சில தடைகள் வெறும் கணக்கிலிருந்து பிறப்பவை. 32 பிட்டுகளைக் கொண்டு எழுதக்கூடிய வெவ்வேறு எண்கள் 2-இன் 32-ஆம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 429 கோடி. நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு கதவிலக்கம் வேண்டும். ஆகவே 32 பிட் எக்ஸ்.பி. 4 கிகாபைட்டுக்கு மேல் காண இயலாது. அதிலும் ஒரு பகுதி இலக்கங்கள் திரை அட்டை முதலிய உறுப்புகளுக்குப் போய்விடுவதால், பயன்படுவது ஏறத்தாழ மூன்றேகால் கிகாபைட்டே. 16 கிகாபைட் பொருத்தினாலும் மிச்சம் உறங்கும்.

வன்தட்டிலும் இதே கணக்குதான். தட்டு 512 பைட் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. கட்ட எண்ணுக்கு 28 பிட் ஒதுக்கியிருந்தால் எல்லை 137 கிகாபைட். முதலில் வெளிவந்த எக்ஸ்.பி.க்கு இருந்த எல்லை இது. 2002-இல் வந்த முதல் திருத்தத் தொகுப்பு அதை நீக்கியது. எனினும் தட்டைப் பகுதிகளாகப் பிரித்துக் குறித்துவைக்கும் பழைய அட்டவணையில் 32 பிட்டே இருப்பதால், 2.2 டெராபைட்டில் அடுத்த வேலி வந்து நிற்கிறது.

நுட்பமான சிக்கல் ஒன்றையும் மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். எக்ஸ்.பி. தன் முதற்பகுதியை 63-ஆம் கட்டத்தில் தொடங்கும். இன்றைய வன்தட்டுகளில் உண்மையான கட்டத்தின் அளவு 512 அன்று, 4,096 பைட். 63-ஐ 512-ஆல் பெருக்கினால் 32,256. இதை 4,096-ஆல் வகுத்தால் 7.875 வருகிறது, முழு எண் இல்லை. கோடு போட்ட நோட்டில் ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு வரிகளுக்கு நடுவே எழுதுவது போல, எக்ஸ்.பி. எழுதும் ஒவ்வொரு துண்டும் இரண்டு கட்டங்களில் கால் வைக்கிறது. ஒன்றை எழுத இரண்டைப் படித்துத் திருத்த வேண்டியிருப்பதால் வேகம் குன்றுகிறது. வேறொரு பொறியில் முன்கூட்டியே 2,048-ஆம் கட்டத்தில் பகுதியைத் தொடங்கி வைத்துவிட்டு, அதில் எக்ஸ்.பி.யை நிறுவினால் இந்தத் தொல்லை தீரும்.

வேகம் மிகுந்ததே குற்றமான கதையும் உண்டு. விண்டோஸ் 95-இன் வலை இணைப்புப் பகுதி, தொடங்கும்போது ஒரு சிறு சுழல் வேலையைச் செய்து, அதற்கு ஆகும் நேரத்தைக் கொண்டு பொறியின் வேகத்தைக் கணிக்கும். 2.1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிய பொறிகளில் அந்த நேரம் சுழியமாகிவிட்டது. சுழியத்தால் வகுக்கலாமா? பொறி நின்றுவிட்டது.

ஐந்து கிலோமீட்டர் சுருள்

இனி, மென்பொருளைச் சுமக்கும் ஒளித்தட்டுக்கு வருவோம். சி.டி.யில் செய்தி ஒரே நீண்ட சுருட்பாதையில் நுண்ணிய குழிகளாக எழுதப்பட்டிருக்கிறது. 74 நிமிடத் தட்டில் பாதை நொடிக்கு 1.2 மீட்டர் வீதம் நகர்கிறது என்று கொண்டால், பாதையின் நீளம் 74 × 60 × 1.2, அதாவது 5,328 மீட்டர்! உள்ளங்கையில் அடங்கும் தட்டில் ஐந்து கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலை.

அச்சிட்ட சி.டி.யில் குழியின் ஆழம், பிளாஸ்டிக்கினுள் லேசர் ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. குழியின் அடிக்குச் சென்று திரும்பும் ஒளி, மேட்டில் பட்டுத் திரும்பும் ஒளியைவிட அரை அலைநீளம் கூடுதலாகப் பயணம் செய்கிறது. இரண்டும் சேரும்போது ஒன்றையொன்று அழிக்கின்றன. நீங்கள் பாடத்தில் படித்த குறுக்கீட்டு விளைவுதான் இது. ஒளி மங்கலிலிருந்து மிளிர்வுக்கோ மிளிர்விலிருந்து மங்கலுக்கோ மாறும் இடங்கள் 1 எனவும், மாறாத இடங்கள் 0 எனவும் படிக்கப்படுகின்றன.

சி.டி.க்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரும், டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசரும், புளூ-ரே தட்டுக்கு 405 நானோமீட்டர் ஊதா லேசரும் பயன்படுகின்றன. அலைநீளம் குறையக் குறைய ஒளிப்புள்ளி சிறுக்கிறது. பாதைகளை நெருக்கமாக அமைக்கலாம். பாதைகளின் இடைவெளி சி.டி.யில் 1.6 மைக்ரோமீட்டர், டிவிடியில் 0.74, புளூ-ரேயில் 0.32. அதனால்தான் கொள்ளளவு 700 மெகாபைட்டிலிருந்து 4.7 கிகாபைட்டாகவும், பின்னர் 25 கிகாபைட்டாகவும் உயர்ந்தது.

இதை நீங்களே அளந்து பார்க்கலாம். சிவப்பு லேசர் சுட்டியின் கதிரை சி.டி.யின்மேல் செங்குத்தாக விழச் செய்தால், முதல் விளிம்பு விளைவுப் புள்ளி ஏறத்தாழ 24 பாகைக் கோணத்தில் தோன்றும். டிவிடியில் அது 61 பாகைக்கு விலகும். கோணத்திலிருந்து பாதை இடைவெளியைக் கணக்கிடுவது நல்ல செய்முறைப் பயிற்சி. கதிரோ அதன் எதிரொளிப்போ கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தட்டு எங்கே கெடுகிறது?

வீட்டில் எழுதப்படும் சி.டி.-ஆர் தட்டில் குழிகள் இல்லை. ஒரு சாயப் படலத்தை லேசர் சுட்டு மாற்றிய தடங்களே குழிகளின் வேலையைச் செய்கின்றன. வெயிலும் வெப்பமும் ஈரமும் அந்தச் சாயத்தை மெல்ல மெல்லக் கெடுக்கும். 780 நானோமீட்டருக்கென்றே அமைந்த சாயம் சிவப்பு லேசருக்குச் சரியாக எதிரொளிப்பதில்லை. ஆகவே டிவிடி டிரைவ்களிலும் சி.டி.க்கென்று தனி அகச்சிவப்பு லேசர் வைக்கப்படுகிறது.

பலர் அறியாத செய்தி ஒன்று. சி.டி.யில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கைக் கடந்து, மேற்புறத்தில், பெயர் அச்சிட்ட பக்கத்திற்கு மிக அருகில்தான் செய்தி இருக்கிறது. அதைக் காப்பது சில மைக்ரோமீட்டர் மெழுகெண்ணெய்ப் பூச்சு ஒன்றே. பளபளக்கும் அடிப்பக்கத்தில் விழும் சிறு கீறலைவிட, மேற்பக்கத்தில் பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதுவது கொடியது. டிவிடியில் செய்தி இரு தகடுகளுக்கு நடுவே பாதுகாப்பாக இருக்கிறது. புளூ-ரேயிலோ அடிப்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருப்பதால் கடினப்பூச்சு தேவைப்பட்டது.

சிறு சேதங்களைத் தட்டே சரிசெய்துகொள்ளும். பாதை நெடுகச் செய்தியைக் கலைத்துப் பரப்பி, அதனுடன் சரிபார்ப்பு எண்களையும் சேர்த்து எழுதுவதால், ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் நீளப் பாதை அழிந்தாலும் சி.டி. டிரைவ் விட்டுப்போனதைக் கணக்கிட்டு மீட்கும். இதனால்தான் தட்டைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். அப்படி விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் சிறு துளியையே கெடுக்கும். வட்டமாகத் துடைத்தால் கீறல் ஒரே பாதையோடு நீண்டு ஓடி, மீட்கும் எல்லையைத் தாண்டிவிடும்.

எங்கள் ஒளிமானியின் மென்பொருள் ஒரே ஒரு சி.டி.-ஆரில் இருந்தது. அதன்மேல் யாரோ பேனாவால் தேதி எழுதியிருந்தார்கள். முதல் டிரைவ் அதைப் படிக்க மறுத்தது, இரண்டாவதும் மறுத்தது. மூன்றாவதாக ஒரு பழைய டிரைவில், வேகத்தைக் குறைத்து, பலமுறை முயன்ற பின் முழுவதும் வந்தது. டிரைவுக்கு டிரைவ் லேசரின் வலிமையும் குவியத்தைத் திருத்தும் திறனும் வேறுபடும். வேகம் குறைந்தால் தட்டின் அதிர்வும் குறையும். ஆகவே ஒரு டிரைவ் கைவிட்டால் தட்டைத் தூக்கி எறியாதீர்கள். படித்தவுடன் முழுத் தட்டையும் ஒரே கோப்பாக, ஐ.எஸ்.ஓ. படிவமாக, இரண்டு இடங்களில் சேமித்தோம்.

பழைய பொறிக்கென்று புதிதாகத் தட்டு எழுதுவோர் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். 1988-இல் வகுத்த ஐ.எஸ்.ஓ. 9660 அமைப்பில் எழுதினால் எந்த விண்டோஸும் படிக்கும். புளூ-ரேக்குரிய யு.டி.எப். 2.5 அமைப்பைத் துணை மென்பொருள் இன்றி எக்ஸ்.பி. படிக்காது. டிரைவ் புதிதாயிருந்தால் மட்டும் போதாது. தட்டில் எழுதிய ஒழுங்கும் பழையவருக்குப் புரிய வேண்டும்.

பொறிக்குள் பொறி

மென்பொருள் மட்டுமே வேண்டும் என்றால் எளிய வழி, மெய்நிகர் பொறி. புதிய கணிப்பொறிக்குள் ஒரு நிரல், பழைய பொறி போலவே நடிக்கிறது. வர்ச்சுவல்பாக்ஸ் போன்றவை இதைச் செய்கின்றன. ஐ.எஸ்.ஓ. கோப்பை அதற்குக் காட்டினால், உண்மைத் தட்டு என்றே எக்ஸ்.பி. நம்பும். யு.எஸ்.பி. வழியாகவோ தொடர்முனை வழியாகவோ பேசும் கருவிகளை இதனோடு இணைக்கவும் பெரும்பாலும் முடியும். ஆனால் எங்கள் ஒளிமானியைப் போல, பழைய பி.சி.ஐ. துளையில் செருகும் அட்டையை நம்பிய கருவிக்கு இது உதவாது. அந்தத் துளையுள்ள உண்மையான தாய்ப்பலகை வேண்டும்.

இன்னோர் எச்சரிக்கை. எக்ஸ்.பி.க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-உடனும், விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-உடனும் நின்றன. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற நச்சு நிரல் உலகெங்கும் பரவியபோது, ஆதரவு முடிந்துபோன எக்ஸ்.பி.க்கும் மைக்ரோசாப்ட் அவசரத் திருத்தம் வெளியிட நேர்ந்தது. ஆகவே பழைய பொறியை இணையத்தில் இணைக்கலாகாது. அளவீடுகளைச் சி.டி.-ஆரில் எழுதி எடுத்து வாருங்கள். முடித்து மூடிய அத்தட்டில் பிறகு எதுவும் ஏற முடியாது; செய்தி ஒரே திசையில் போகும். ஒளித்தட்டுக்கு இன்றும் இப்படி ஒரு வேலை உண்டு.

நீலத்திரையின் காரணம்

இப்போது எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்புவோம். தொடக்கத் திரையில் ஆண்டு 2011 என்று இருந்ததல்லவா? அதுதான் துப்பு. பயாஸின் கடிகாரத்தையும் அமைப்புகளையும் காப்பது, தாய்ப்பலகையிலுள்ள 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள நாணய வடிவ லித்தியம் மின்கலம். பொறி செருகியிலிருக்கும் வரை மின்சாரமே அந்தக் காவலைச் செய்துவந்ததால், மின்கலம் தீர்ந்தது எவருக்கும் தெரியவில்லை. அந்தச் சனி, ஞாயிறு இரு நாளும் கட்டடத்தில் மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தது. அமைப்புகள் அழிந்தன. வன்தட்டு முறை, எப்போதோ யாரோ மாற்றி வைத்த ஐ.டி.இ.யிலிருந்து, தாய்ப்பலகையின் இயல்பான ஏ.எச்.சி.ஐ.க்குத் திரும்பிவிட்டது. எக்ஸ்.பி. தன் ஏணியைத் தொலைத்தது.

புது மின்கலம் ஒன்றைப் பொருத்தி, பயாஸில் ஒரே ஒரு வரியை மாற்றினோம். எக்ஸ்.பி. எழுந்தது. வன்தட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஆறு மாணவர்களும் அளவீட்டை முடித்தார்கள்.

அந்த வரியை மாற்றியவர் குறித்து வைத்திருந்தால் எங்களுக்கு ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். இப்போது பயாஸ் அமைப்புகளைத் தாளில் எழுதிப் பொறியின் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். உங்கள் பள்ளியிலோ, அலுவலகத்திலோ, தெருமுனை அச்சகத்திலோ இப்படி ஒரு பழைய பொறி இருக்கக்கூடும். அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்றைக்கே மூன்று வேலைகளைச் செய்துவிடுங்கள்: அமைப்புகளை எழுதி வையுங்கள்; மின்கலத்தை மாற்றுங்கள்; அலமாரியிலுள்ள தட்டுகளைப் படியெடுங்கள். நின்றுபோன பிறகு தேடினால், தட்டு படிக்கும் என்பதற்கு உறுதியில்லை.